51 சதவீதப் பங்கு இருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் என்னிடம் 60 சதவீதம், தம்பியிடம் 40. இனி நான் வைத்ததுதானே சட்டம்?

பதில்: பாதிதான் சரி. இயக்குநரை நியமிக்க, நீக்க, கணக்கை ஏற்க சாதாரணத் தீர்மானம், அதாவது எதிர்ப்பைவிட ஆதரவு ஓட்டு அதிகமாக இருந்தாலே போதும். உங்கள் 60 ஜெயித்துவிடும். கம்பெனியின் பெயரையோ ஆர்ட்டிக்கிள்ஸையோ (கம்பெனியின் உள்விதிகள்) மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதில் ஆதரவு ஓட்டு, எதிர்ப்பைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். தம்பி 40-ஐயும் எதிராகப் போட்டால் உங்களுக்கு 120 வேண்டும். எங்கே போவீர்கள்? 51-க்கு ஆசைப்படுகிறவர்கள் எதிரே இருக்கும் 26 சிறப்புத் தீர்மானத்தைத் தடுத்துவிடும் என்பதைக் கவனிப்பதே இல்லை.

இன்னொன்று. கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் உங்களுக்கும் ஒரு கை, தம்பிக்கும் ஒரு கை, அவ்வளவுதான். உடனே ‘போல்’ வேண்டும் என்று கேளுங்கள். அப்போதுதான் ஓட்டைப் பங்குக் கணக்கில் எண்ணுவார்கள்.

கேள்வி: நண்பரும் நானும் ஆளுக்குப் பாதி. இது பாதுகாப்புதானே?

பதில்: சண்டை வராதவரை. வந்தால் எந்தத் தீர்மானமும் நகராது. தலைவருக்குக் கூடுதல் ஓட்டு உண்டா என்று ஆர்ட்டிக்கிள்ஸை இன்றே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: பட்டியலிட்ட கம்பெனியைச் சந்தையில் சத்தமில்லாமல் வாங்கிப் பிடித்துவிட முடியுமா?

பதில்: 25 சதவீதத்தைத் தொடும்வரை ஓரளவு முடியும். தொட்டால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, மற்ற பங்குதாரர்களிடமிருந்து குறைந்தது 26 சதவீதம் வாங்க ஓப்பன் ஆஃபர், அதாவது பொது அறிவிப்பு, தர வேண்டும். நம்ம சென்னை இந்தியா சிமென்ட்ஸையே பாருங்கள். 2024 ஜூனில் அல்ட்ராடெக் வாங்கியது 22.77 சதவீதம், அதாவது கோட்டுக்கு இந்தப் பக்கம். அடுத்த மாதமே புரமோட்டர்கள் (கம்பெனியைக் கட்டுப்படுத்தி வந்தவர்கள்), அவர்களைச் சார்ந்தவர்கள் ஆகியோரின் 32.72 சதவீதத்தைப் பங்குக்கு ரூ.390 வீதம் வாங்க ஒப்பந்தம் போட்டது. உடனே பொதுமக்களுக்கும் அதே 390-க்கு ஆஃபர் வந்தது.

கேள்வி: என்னிடம் 12 சதவீதம்தான். சும்மா டிவிடெண்டுக்குக் காத்திருப்பதா?

பதில்: வேண்டாம். ஓட்டுள்ள மூலதனத்தில் 10 சதவீதம் இருந்தாலே சிறப்புக் கூட்டம் கூட்டச் சொல்லலாம். நிர்வாகம் ஒடுக்குகிறது என்று கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் (என்.சி.எல்.டி.) போகவும் 10 சதவீதம் போதும். ஆனால் அங்கே சாதாரணப் பங்கோடு (ஈக்விட்டி) முன்னுரிமைப் பங்கையும் (டிவிடெண்டில் முதலிடம் பெறும் பங்கு) சேர்த்தே எண்ணுவார்கள். டாடா சன்ஸில் ஈக்விட்டியில் சுமார் 18 சதவீதம் வைத்திருந்த, தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட சைரஸ் மிஸ்திரியின் தரப்பே இந்தக் கணக்கில் 10-க்குக் கீழே போய், அந்த விதியிலிருந்து விலக்கு கேட்டுத்தான் வழக்கு நடத்தியது. கடைசியில் 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.