மினி எக்ஸ்கவேட்டர், ஸ்கிட் ஸ்டியர் (சிறிய லோடர்): ஆயில் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மூணு டன் மினி எக்ஸ்கவேட்டர் புதுசா எடுத்திருக்கேன் சார். ஹைட்ராலிக் ஆயில் 46 போடவா, 68 போடவா?

பதில்: அந்த எண் தரத்தைக் குறிப்பதில்லை. 40 டிகிரி செல்சியஸில் ஆயிலின் கெட்டித்தன்மை எவ்வளவு என்பதுதான் அது. 68 உசத்தி என்று நம்பி ஊற்றுகிறவர்கள் நிறைய. குளிர்ந்த காலையில் கெட்டி ஆயிலை பம்ப் இழுக்கத் திணறும். உள்ளே குமிழ்கள் உண்டாகி உடையும்போது உலோகத்தையே அரித்துவிடும். பம்பில் கூழாங்கல் உருள்வது போலச் சத்தம் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஆயில் மிகவும் நீர்த்திருந்தால் சூட்டில் படலம் அறுந்து உலோகமும் உலோகமும் உரசும். சர்வீஸ் புத்தகத்தில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ற அட்டவணை இருக்கும். அதன்படி போடுங்கள். ஊற்றும் முன் மூடியைச் சுற்றியும் புனலையும் துடைத்துவிடுங்கள். பம்புக்குள் இடைவெளி சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதனால் தூசி உள்ளே போகக் கூடாது.

கேள்வி: பச்சை கூலண்ட்ல சிவப்பு கலக்கலாமா?

பதில்: கூலண்ட் என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். அதன் நிறம் வெறும் சாயம். துருத்தடுப்பு மருந்து எந்த வகை என்று டப்பாவில் பாருங்கள். வகை மாறினால் கலக்காதீர்கள்.

கேள்வி: பூம் (மெஷினோட தூக்கும் கை) ஆயில் ஓஸ்ல கசியுது. தடவிப் பார்த்தும் இடம் தெரியல.

பதில்: இனி ஒருபோதும் கையால் தடவாதீர்கள்! ஊசித்துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் முள் குத்தியது போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே தசை கெடும், விரலையே இழக்க நேரிடும். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். கசிவைத் தேட அட்டைத் துண்டு போதும்.

கேள்வி: ஹைட்ராலிக் டேங்கில 15டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் ஊத்தி ஆறு வருஷமா லோடர் ஓட்டுறேன். ஒண்ணும் ஆகல.

பதில்: உங்கள் புத்தகம் என்ன சொல்கிறது?

அவரே: 46னு இருக்கு. ஆனா சில கம்பெனியே எஞ்சின் ஆயில் போடச் சொல்லுதே அண்ணே?

பதில்: சொல்கிறார்கள், உண்மைதான். அவர்கள் சொல்வது பெரும்பாலும் 10டபிள்யூ அல்லது 10டபிள்யூ-30. 10டபிள்யூ ஏறத்தாழ 46க்கும், 10டபிள்யூ-30 ஏறத்தாழ 68க்கும் பக்கத்தில் வரும். 15டபிள்யூ-40 கிட்டத்தட்ட 100 வகைக்குச் சமம். உங்கள் பம்ப் கேட்பதைப் போல இரண்டு மடங்கு கெட்டி.

இன்னொருவர்: தேய்மானத் தடுப்பு மருந்து ரெண்டு ஆயில்லயும் இருக்கே, அப்புறம் என்ன?

பதில்: இருக்கிறது. வித்தியாசம் தண்ணீரில். எஞ்சின் ஆயில் அழுக்கையும் ஈரத்தையும் தன்னிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வழக்கமான ஹைட்ராலிக் ஆயில் தண்ணீரைப் பிரித்துக் கீழே இறக்கும், டேங்க் அடியில் வடித்துவிடலாம். தம்பி, நீங்கள் ஒரு மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மாற்றும்போது டேங்கை மட்டும் வடித்தால் போதாது. சிலிண்டரிலும் ஓஸிலும் பழையது நிறையத் தங்கியிருக்கும்.

கேள்வி: நீல கூலண்ட்ல ஆரஞ்சு?

பதில்: நிறத்தைப் பார்க்காதீர்கள் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: 46 நல்லதா 68 நல்லதா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: ஏர் ஃபில்டரை காத்தடிச்சு திரும்பப் போடலாமா?

பதில்: உள் ஃபில்டரை ஒருபோதும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். வெளி ஃபில்டரில் அழுத்தமாக அடித்தால் தாள் கிழியும். அந்தக் கிழிசல் வழியே போகும் தூசி எஞ்சினைத் தின்றுவிடும்.

கேள்வி: டிராக் (மெஷின் ஓடுற பட்டை) ரொம்ப இறுக்கமா இருக்கு. கிரீஸ் வால்வைக் கழட்டிடலாமா?

பதில்: கழற்றாதீர்கள்! டிராக்கை இறுக்கிப் பிடிப்பதே உள்ளே இருக்கும் கிரீஸ்தான், அது பெரும் அழுத்தத்தில் இருக்கிறது, வால்வே தோட்டா மாதிரி தெறிக்கும். புத்தகம் சொல்லும் அளவுக்கு மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். முகம் அதற்கு நேரே இருக்கக் கூடாது, கையும்தான்.