பெங்களூரு பறவைத் தரவு: லால்பாக் ஏன் முதலிடத்தில் வருகிறது?

பார்த்த பறவைகளை மக்களே பதிவுசெய்யும் இபேர்ட் தளத்தின் தரவை வைத்து, பெங்களூரு இடங்களைப் பறவை இன எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். அதில் லால்பாக் பூங்காவும் ஹெப்பாள் ஏரியும் மேலே வந்து ஹெசரகட்டா புல்வெளி கீழே போவதற்குக் காரணம் உங்கள் கணக்கு இல்லை, தரவுதான். இபேர்டில் மொத்த இன எண்ணிக்கையை மட்டும் எடுத்தால், ஆட்கள் அதிகம் போகும் இடம்தான் ஜெயிக்கும்.

இன்னொரு சந்தேகம்: குழுவாகப் போகிறவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பறவைப் பட்டியல், தரவிறக்கத்தில் ஆளுக்கு ஒன்றாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் பத்துப் பேர் வந்தால் பத்துப் பட்டியல்! குழு அடையாள எண்ணை வைத்து முதலில் இவற்றை ஒன்றாக்குங்கள்.

பிறகு இதைச் செய்து பாருங்கள்:

1. ‘முழுமையான பட்டியல்’ (அடையாளம் கண்ட எல்லா இனங்களையும் எழுதியது) என்று குறித்தவற்றை மட்டும் வையுங்கள்.
2. ஒவ்வொரு இடத்திலும் ஒரே எண்ணிக்கையில் பட்டியல்களைக் குலுக்கி எடுத்து, பல முறை சராசரி பாருங்கள்.

வரிசை அப்போதே மாறலாம். மாறாவிட்டாலும் எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். முதல் இடத்தைத் தேர்ந்தபின், அதில் இல்லாத இனங்களை அதிகம் சேர்க்கும் இடமே அடுத்தது. புல்வெளியை நம்பிய பூனைப்பருந்து, நெட்டைக்காலி, வானம்பாடிகளுக்காக ஹெசரகட்டா இங்கே மேலே ஏறும் என்பது என் கணிப்பு. ஐந்தாவது ஏரியைச் சேர்த்தாலும் அதே நாமக்கோழிதான்.

ஒன்று: இந்த வரிசையை ‘முக்கியப் பல்லுயிர்ப் பகுதி’ என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) 2016 தரநிலையில் அதற்குத் தனி வரம்புகள் உண்டு. உதாரணமாக, அவற்றில் ஒன்றின்படி, அழிவின் விளிம்பிலுள்ள ஓர் இனத்தின் உலகத் தொகையில் 0.5 விழுக்காடாவது அங்கே இருக்க வேண்டும். தவிர, பறவைத் தரவில் தேவாங்கு போன்ற மற்ற உயிர்கள் தெரியாது.