பொமரேனியனுக்கு வீட்டிலேயே மொட்டையடிக்கலாமா?

நாகர்கோவில் வெயிலுக்காகப் பொமரேனியன் நாயை வீட்டிலேயே மொட்டையடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அதற்கு இரண்டு அடுக்கு முடி உண்டு, ஒட்ட மழித்தால் தோலில் வெயில் நேரடியாகப் படுவதோடு, முடி மீண்டும் சீராக வளராமலும் போகலாம். உதிர்முடியைச் சீப்பால் வாரி எடுத்தாலே போதும்.

முடி சிக்கிக் கட்டியான சடையை, நாயைக் குளிப்பாட்டும் முன்பே நுனியிலிருந்து சிறிது சிறிதாகப் பிரித்துவிடுங்கள், நனைந்தால் இறுகிவிடும். அவிழாத சடையைக் கத்தரிக்கோலால் அடியோடு வெட்டவே கூடாது. சடையை இழுக்கும்போது மெல்லிய தோலும் கூடவே எழும்பி வருவதால், முடி எது, தோல் எது என்று தெரியாமல் காயம் பட்டுவிடும். முடிவெட்டும் மெஷின்தான் பாதுகாப்பு, ஆனால் பிளேடு சூடாகிறதா என்று அடிக்கடி உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள்.

இரு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டத்தில் வெயிலைவிட ஈரமே பெரிய தொல்லை என்பேன். காதின் பின்புறம், அக்குள், விரலிடுக்கு ஆகியவற்றை நன்றாகத் துவட்டி, உண்ணி இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.