காற்று மாசு எங்கிருந்து வருகிறது என்பது காலப்போக்கில் எப்படி மாறியிருக்கிறது?

கேள்வியோடு ஒரு சந்தேகத்தையும் சேர்த்திருக்கிறீர்கள்: "பழைய வட்ட வரைபடத்தில் விறகுப் புகையின் பங்கு 10 சதவீதம், புதியதில் 33 சதவீதம். மக்கள் விறகுக்குத் திரும்பிவிட்டார்களா?"

அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். முன்பு தொழிற்சாலை 60 டன், வாகனம் 30 டன், விறகு 10 டன் என மொத்தம் 100 டன் புகை. இப்போது தொழிற்சாலை 10, வாகனம் 10, விறகு அதே 10. விறகின் பங்கு மூன்றில் ஒன்றாகிவிட்டது, ஆனால் ஒரு கிராம் கூட அதிகமாக எரியவில்லை. பங்கு வேறு, அளவு வேறு. செய்தித் தலைப்புகளில் இந்த இரண்டும் குழம்பிக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. வட்ட வரைபடத்தை வைத்துக் காலமாற்றம் பேசுவதே தப்பு என்பேன். வருடவாரியாக டன் கணக்கில் போட்ட கோட்டு வரைபடத்தைத் தேடுங்கள்.

அந்தக் கோடுகளைக் கொஞ்ச காலமாகப் புரட்டி வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிவது இதுதான்: ஒரு குழாய் வழியாக வெளியே வந்த மாசு நன்றாகக் குறைந்திருக்கிறது. குழாயே இல்லாத மாசு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. குழாய் இருந்தால் அதன் வாயில் ஒரு கருவியை மாட்டலாம், உரிமையாளரைப் பிடித்து அபராதம் போடலாம். வயலுக்கும் டயருக்கும் எதை மாட்டுவது?

கந்தகத்தில் இருந்து தொடங்கலாம். 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடிய நிலக்கரிப் புகையில் சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை போகின்றன. 1956-இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் மின் நிலையங்கள் கண்டுபிடித்த எளிய வழி, புகைபோக்கியை உயரமாகக் கட்டுவது. ஊருக்குள் காற்று தெளிந்தது. கந்தகமோ காற்றோடு பயணித்து நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் அமில மழையாக இறங்கியது. உண்மையான குறைவு வந்தது கந்தகம் குறைந்த நிலக்கரி, இயற்கை எரிவாயு, அப்புறம் புகையைச் சுண்ணாம்புக் குழம்பில் கழுவும் கருவிகள் ஆகியவற்றால்தான். அந்தக் கழுவலில் கந்தகம் ஜிப்சமாக மாறி, சுவர்ப் பலகை செய்யப் போய்விடுகிறது. அமெரிக்காவில் கந்தக டை ஆக்சைடு உமிழ்வு 1980-இல் இருந்ததைவிட இன்று 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. சீனா அதே பாதையை இன்னும் வேகமாக, ஏறத்தாழ பத்து, பதினைந்து ஆண்டுகளில் கடந்தது. கடைசியாக 2020 ஜனவரியில் கப்பல்களின் முறை வந்தது. கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு உலகளவில் 3.5 சதவீதத்தில் இருந்து 0.5 ஆனது.

வாகனங்களின் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் கண்ணை எரித்த மூட்டம் லண்டன் புகை மாதிரி இல்லையே என்று குழம்பிக் கிடந்தார்கள். அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர்தான் 1950-களின் தொடக்கத்தில் விடை சொன்னார்: வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரியாத பெட்ரோல் ஆவியும் வெயிலில் சேர்ந்து, மூச்சுக்குக் கெடுதலான ஓசோன் வாயுவை உண்டாக்குகின்றன. மாசு குழாயில் இருந்து அப்படியே வருவது மட்டுமல்ல, காற்றிலேயே சமைக்கவும் படுகிறது என்பது அப்போதுதான் பிடிபட்டது.

1975 மாடல் கார்களில் இருந்து அமெரிக்காவில் வினையூக்கி மாற்றி (புகைக்குழாயில் மாசைச் சுத்தப்படுத்தும் பாகம்) வந்தது. பெட்ரோலில் கலந்த ஈயம் அந்த வினையூக்கியைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோல் கட்டாயம் தேவைப்பட்டது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிறது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. ஆனால் அந்த விஷத்துக்கு முதல் பெரிய அடி கொடுத்தது ஒரு கார் பாகம் என்பதை நினைத்தால் இன்றும் வேடிக்கையாக இருக்கிறது. கார்களுக்கான ஈயப் பெட்ரோலைக் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல்.

டீசல் விஷயத்தில் ஐரோப்பா ஏமாந்தது. விதிகள் படிப்படியாக இறுகின, ஆய்வகச் சோதனையில் கார்களும் தேறின. சாலையோரக் கருவிகளில் மட்டும் நைட்ரஜன் டை ஆக்சைடு அந்த வேகத்தில் இறங்கவே இல்லை. ஏன் என்பதன் ஒரு பகுதி 2015-இல் வெளியே வந்தது: சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை வோக்ஸ்வாகன் கார்களில் வைத்திருந்தது. அதன் பிறகு, காரைச் சாலையில் ஓட்டியே அளக்கும் சோதனை கட்டாயமானது.

சரி, குழாய் சுத்தமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிரேக் கட்டையும் டயரும் தேய்ந்து உதிரும் தூள் மிச்சம் இருக்கிறது. புகைக் கட்டுப்பாடு கடுமையாக உள்ள நாடுகளில் சாலைப் போக்குவரத்து தரும் நுண்துகள்களில் இப்போது இதுதான் பெரும்பகுதி. மின்சாரக் கார் வந்தாலும் இது முழுதாகப் போகாது. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் தேய்வு நன்றாகக் குறையும், ஆனால் பேட்டரி எடையால் டயர் கொஞ்சம் கூடுதலாகத் தேயலாம். ஐரோப்பாவின் யூரோ 7 விதிதான் முதல்முறையாக பிரேக் தூளுக்கும் வரம்பு வைத்திருக்கிறது.

என்னைக் கேட்டால், குறைவாகப் பேசப்படும் பெரிய மூலம் வேளாண்மை. சாணம், சிறுநீர், யூரியா ஆகியவற்றில் இருந்து எழும் அம்மோனியா தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் அது நைட்ரிக் அமிலத்தோடும் கந்தக அமிலத்தோடும் சேர்ந்து நுண்துகளாக உறைகிறது. கந்தகத்தை 90 சதவீதம் குறைத்த நாடுகளிலேயே அம்மோனியாக் கோடு பல பத்தாண்டுகளாகக் கிட்டத்தட்ட படுத்தே கிடக்கிறது. நகரத்தில் துகள் அளவு ஏறும் சில நாட்களுக்குக் காரணம், பல மைல் தள்ளி வயலில் உரம் போட்டதாக இருக்கலாம். (பெட்ரோல் காரின் வினையூக்கி மாற்றியும் கொஞ்சம் அம்மோனியாவை உண்டாக்கும். ஒன்றைத் துடைக்கப் போய் இன்னொன்று.)

ஒரு மூலத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஊரடங்கு ஒரு நல்ல சோதனையாக அமைந்தது. சாலைகள் காலியானதும் நைட்ரஜன் டை ஆக்சைடு சட்டென்று விழுந்தது. ஆனால் பல நகரங்களில் ஓசோன் ஏறியது, ஏனென்றால் வழக்கமாக அதைத் தின்றுவிடும் நைட்ரிக் ஆக்சைடு குறைந்துபோனது. பெய்ஜிங்கில் பிப்ரவரியில் துகள் மூட்டமே வந்தது. ஒரு மூலத்தை நிறுத்தினால் மாசு அதே விகிதத்தில் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது.

பெயிண்ட், வாசனைத் திரவியம், துப்புரவுத் திரவங்கள் போன்றவையும் ஓசோனுக்கு வேண்டிய ஆவிகளைத் தருகின்றன. வாகன ஆவி குறையக் குறைய இவற்றின் பங்கு மேலே வந்திருக்கிறது. இதுவும் மேலே சொன்ன பங்குக் கணக்குதான்.

வீட்டு அடுப்பைப் பற்றிப் பேசும்போது உலகத்தை ஒன்றாகப் பார்க்கக் கூடாது. சுமார் 200 கோடிப் பேர் இன்னமும் விறகு, கரி, சாணம் போன்ற புகையும் எரிபொருளில் சமைக்கிறார்கள். அவர்களுக்கு இது பழைய பிரச்சினை, மெதுவாகக் குறைந்து வருகிறது. வசதியான நாடுகளிலோ விறகடுப்பு ஒரு விருப்பப் பொருள். அங்கே சில இடங்களில் அளவும் கூடியிருக்கலாம், பார்க்கத்தான் வேண்டும். காட்டுத்தீ மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஏறுமுகம் காட்டும் இடங்கள் உண்டு: அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பல ஆண்டு உழைப்பில் குறைந்த துகள் அளவை, 2016 வாக்கில் இருந்து தீப்புகை திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறது. பல நாட்டு உமிழ்வுப் பட்டியல்கள் (எந்த மூலம் எவ்வளவு மாசு விடுகிறது என்ற அரசுக் கணக்கு) இதை மொத்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், பட்டியல் இறங்கும்போதே காற்றை அளக்கும் கருவி காட்டும் எண் ஏறுவதையும் பார்ப்பீர்கள்.

உங்கள் இரண்டு வரைபடங்களும் எந்தெந்த ஆண்டில் வெளியிடப்பட்டவை என்று பாருங்கள். உமிழ்வுப் பட்டியலில் பெரும்பகுதி நேரடி அளவீடு அல்ல, "எவ்வளவு எரித்தார்கள்" என்ற மதிப்பீட்டை, "ஒரு கிலோ எரித்தால் இவ்வளவு மாசு" என்பது போன்ற ஒரு காரணியால் பெருக்கி வருவது. விறகு போன்றவற்றுக்கு ரசீது கூட இருக்காது. பிரிட்டனில் வீட்டு விறகுப் புகையின் பங்கு பற்றிய மதிப்பீடு, புதிய கணக்கெடுப்புக்குப் பிறகு 2022-இல் பாதிக்கும் கீழே திருத்தப்பட்டது. புகை மாறவில்லை, கணக்குதான் மாறியது. திருத்தம் வரும்போது பழைய ஆண்டுகளையும் சேர்த்தே மாற்றி எழுதுவார்கள். அதனால் பழைய அறிக்கையின் எண்ணைப் புதிய அறிக்கையின் எண்ணோடு ஒப்பிடாமல், ஆகப் புதிய பதிப்பில் உள்ள எல்லா ஆண்டுகளையும் எடுத்து ஒப்பிடுங்கள். விறகுக்கு என்ன ஆனது என்பது அதில் தெரிந்துவிடும்.