மாணவர்கள் சேர்க்கும் சில்லறைக் காசில் ஆப்பிரிக்கக் கிராமத்துக்கு நிஜமாகவே தண்ணீர் வருமா?

வரும். வந்திருக்கிறது.

1998இல் கனடாவில் ஒன்றாம் வகுப்பு படித்த ரயான் ஹ்ரெல்ஜாக், 70 டாலர் இருந்தால் ஒரு கிணறு தோண்டலாம் என்று வகுப்பில் கேட்டதை அப்படியே நம்பினான். வயது ஆறு. வீட்டில் ஜன்னல் துடைப்பது போன்ற வேலைகள் செய்து நாலு மாதத்தில் பணத்தைச் சேர்த்துவிட்டான். கொண்டுபோய்க் கொடுத்தால், 70 டாலருக்குக் கைப்பம்பு மட்டும்தான் வரும், ஆழ்துளை போட 2,000 ஆகும் என்றார்கள். பையன் அசரவில்லை, மறுபடி வேலைக்குக் கிளம்பினான். பள்ளியும் ஊரும் சேர்ந்துகொள்ள, 1999 ஜனவரியில் வட உகாண்டாவில் அங்கோலோ தொடக்கப்பள்ளி பக்கத்தில் தண்ணீர் வந்தது.

சரி, அப்புறம்? தோண்டுவதைவிடப் பராமரிப்புதான் தலைவலி. உகாண்டாவில் பரவலாக உள்ள 'யு2' கைப்பம்பு, நம் தெருமுனைகளில் இருக்கும் 'இந்தியா மார்க் 2' அடிபம்பின் வாரிசுதான். அடித்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே வாஷர் தேய்ந்தால் நூறு தடவை அடித்தாலும் குடம் நிறையாது. அதனால் வசூலிக்கும்போதே உதிரி பாகங்களுக்கும், உள்ளூரில் ஒருவருக்குப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கவும் ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள்.