சாரலில் நனைந்த சாலிடேர் கலர் டிவி

கொட்டகையில் பல வருடம் சாரல் பட்டுக் கிடந்த சாலிடேர் கலர் டிவியை நேரே பிளக்கில் செருகிப் பார்க்கலாமா என்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். முதலில் பிக்சர் டியூப் தேறுமா பாருங்கள். அது போயிருந்தால் மற்ற உழைப்பு வீண். டியூப் கழுத்தில் மாட்டியிருக்கும் சாக்கெட் போர்டைக் கழற்றி, ஹீட்டர் (உள்ளே சூடாகும் இழை) பின்களுக்கு மட்டும் 6.3 வோல்ட் கொடுங்கள். கழுத்துக்குள் மூன்று ஹீட்டர்களும் ஆரஞ்சாகக் கனிந்தால் மேலே செலவு செய்யலாம்.

அப்புறம் சுத்தம். ஈஎச்டி (டியூபுக்குப் போகும் மிக உயர் வோல்டேஜ்) மூடியைச் சுற்றிய ஈரத்தூசிதான் சடசடவென்று பொறி விடும். டியூபில் தேங்கிய மின்சாரத்தை எர்த்துக்கு டிஸ்சார்ஜ் செய்துவிட்டு ஸ்பிரிட்டால் துடையுங்கள். டியூபின் கருப்புப் பூச்சைத் தேய்த்துவிடாதீர்கள், அது எர்த்.

உப்பிய கண்டன்சர்களை மாற்றி, டீகாஸ் காயிலை (டியூபின் காந்தத்தை நீக்கும் சுருள்) கழற்றி, 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு மின்சாரம் கொடுங்கள். பளிச்சிட்டு மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் பவர் சப்ளையில் ஷார்ட். பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல்கூட நிற்கும், உடனே கை வைக்காதீர்கள்.