ஹெல்ஸ் கேட்: வரிக்குதிரைகளுக்கு நடுவே சைக்கிளில் போகலாமா?

கேள்வி: மகளும் மருமகனும் கென்யாவின் நைரோபியில் வேலை பார்க்கிறார்கள். வரும் ஜனவரியில் நானும் கணவரும் (63 வயது) மகன் வழிப் பேரன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அங்கே போகிறோம். பேத்திக்கு 12, பேரனுக்கு 8. மசாய் மாராவுக்குச் செலவு அதிகம். மூன்று நாள் வண்டிக்குள்ளேயே உட்காரப் பிள்ளைகளாலும் முடியாது. பக்கத்தில் ஹெல்ஸ் கேட் என்ற பூங்காவில் சைக்கிளிலேயே போய் விலங்குகளைப் பார்க்கலாம் என்கிறாள் மகள். காவலர் துணை இல்லாமல் காட்டு விலங்குகளுக்கு நடுவே பிள்ளைகளை விடுவதா என்று பயமாக இருக்கிறது. கணவருக்கு மூட்டு வலி வேறு. ஒரே நாளில் போய் வர முடியுமா?
– கோவை வாசகி

பதில்: தாராளமாகப் போகலாம். விடியலில் கிளம்பினால் இருட்டுவதற்குள் நைரோபி திரும்பிவிடலாம். ஆனால் சிங்கமும் யானையும் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். 1984இல் தேசியப் பூங்காவான இது சுமார் 68 சதுர கிலோமீட்டர்தான். யானை கிடையாது, சிங்கத்தை நம்பி வரும் இடமும் அல்ல. வண்டியை விட்டு இறங்கி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் இங்கே அனுமதிப்பது அதனால்தான். சிறுத்தையும் கழுதைப்புலியும் உண்டு. அவை பெரும்பாலும் இரவில் நடமாடுபவை. பகலில் வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, பலவகை மான்கள், கொம்புபோல் பல் நீட்டிய வார்ட்ஹாக் பன்றி, பபூன் குரங்கு, காட்டெருமை ஆகியவற்றைப் பார்க்கலாம். இஞ்சின் சத்தம் இல்லாததால், சைக்கிளை நிறுத்திக் காலூன்றி நின்றால் வரிக்குதிரை புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம்கூடக் கேட்கும். பிள்ளைகளுக்கு அது எத்தனை வருடம் ஆனாலும் மறக்காது.

உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அதைக் காட்டெருமை பக்கம் திருப்புங்கள். ஸ்வாஹிலியில் அதற்கு ‘ந்யாத்தி’ என்று பெயர். யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிக் கை காட்டினால் உடனே நின்றுவிட வேண்டும். மந்தையைவிட ஆபத்தானது தனியாகத் திரியும் கிழட்டு ஆண் எருமை. புதருக்குள் படுத்திருக்கும், கிட்டே போகும்வரை கண்ணில் படாது. அதனால் மண்சாலையை விட்டுப் புதருக்குள் ஒரு நிமிடம்கூட இறங்க வேண்டாம், சிறுநீர் கழிக்கவும்கூட. தூரத்தில் எருமை தெரிந்தால் 100 மீட்டருக்குக் குறையாத இடைவெளியில் நில்லுங்கள். அது தலையை உயர்த்தி உங்களையே பார்த்தால் அதன் பக்கம் முகம் வைத்தபடி மெல்லப் பின்வாங்கி வண்டிக்குள் ஏறிவிடுங்கள். ஓடக்கூடாது, கத்தக்கூடாது. ‘பஃபலோ சர்க்யூட்’ என்ற சுற்றுச்சாலையில் சைக்கிள் வேண்டவே வேண்டாம். ஏற்றமும் புழுதியும் அதிகம், பெயருக்குக் காரணமானவையும் அங்கே உண்டு.

ஒட்டகச்சிவிங்கி சாதுதான், குட்டி கூட இருந்தால் மட்டும் விலகிப் போங்கள், அதன் உதை பொல்லாதது. குரங்குகளுக்குக் கண்ணெல்லாம் சாப்பாட்டுப் பையின் மேல்தான். கையில் வாழைப்பழத்தோடு பேரன் நிற்கக்கூடாது. சாப்பாட்டை வண்டிக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற ஏற்பாடு இதுதான்: மருமகன் வண்டியை ஓட்டட்டும், கணவர் அவர் பக்கத்தில் உட்காரட்டும். மகளும் பேத்தியும் பேரனும் சைக்கிளில் முன்னே போக, வண்டி 50 மீட்டர் பின்னால் மெதுவாக வரட்டும். பேரன் களைத்தால் ஏறிக்கொள்ளலாம். எல்சா நுழைவாயிலிலிருந்து பள்ளத்தாக்கு அருகிலுள்ள காவலர் நிலையம்வரை ஏறக்குறைய 8 கிலோமீட்டர் மண்சாலை. போகும்போது பெரும்பாலும் இறக்கம், சைக்கிள் தானாக ஓடும். திரும்பும்போது அதே தூரம் ஏற்றமாகி, உச்சி வெயிலும் சேர்ந்துகொள்ளும். பலரும் தவிப்பது இங்கேதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வழி போதும். திரும்பும்போது சைக்கிளை வண்டியில் ஏற்றிவிடுங்கள். அதற்கு இடம் உள்ள வண்டியாகப் பாருங்கள்.

சைக்கிள் நுழைவாயில் அருகிலேயே வாடகைக்குக் கிடைக்கும். சிறுவர் சைக்கிள் எண்ணிக்கை குறைவு, முந்தைய நாளே சொல்லிவைப்பது நல்லது. காசு கொடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து சைக்கிளை முன்னே தள்ளிப் பாருங்கள், சக்கரம் உருளக்கூடாது. டயரைக் கட்டைவிரலால் அமுக்குங்கள், குழிந்தால் காற்றடிக்கச் சொல்லுங்கள். பெடலைப் பின்பக்கம் சுற்றும்போது செயின் நழுவினால் வேறு கேளுங்கள். சீட்டில் உட்கார்ந்து பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடிய வேண்டும். தாழ்ந்த சீட்தான் முழங்காலை வலிக்கவைக்கும். வழியில் எரிமலை மண் மணல்போல் குவிந்து கிடக்கும் இடங்கள் உண்டு. அங்கே முன்பிரேக்கைப் பிடித்தால் சைக்கிள் குப்புறச் சாயும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல் நேரே கடக்கச் சொல்லிக்கொடுங்கள்.

நுழைந்து சிறிது தூரத்திலேயே ஃபிஷர் டவர் என்ற 25 மீட்டர் உயரப் பாறைத்தூண் நிற்கும். எரிமலைக் குழாயில் இறுகிய குழம்பு அது. சுற்றியிருந்த மண் கரைந்தபின் தனியாக எஞ்சியது. கயிறு கட்டி ஏறும் ஏற்பாடு இங்கே உண்டு, பேத்தி ஆசைப்பட்டால் ஹெல்மெட்டும் இடுப்புப் பட்டையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஏறவிடலாம். கணவரும் பேரனும் அடிவாரத்தில் உட்கார்ந்து ஹைராக்ஸைப் பார்க்கட்டும். பெருச்சாளி உடம்பும் முயல் முகமுமாக இருக்கும் இந்தச் சிறு பிராணிக்கு இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தங்களில் ஒன்று யானை! கால்விரல்களில் கூரிய நகத்துக்குப் பதில் குட்டிக் குளம்புபோல் இருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். உடல் சூட்டைத் தானே சீராக வைத்துக்கொள்ள அதனால் அவ்வளவாக முடியாது. அதனால் காலையில் கும்பலாகப் பாறைமேல் வெயில் காயும். பத்து மணிக்கு மேல் போனால் இந்தக் காட்சி கிடைப்பது கஷ்டம். மான்களைப் பிரித்துப் பார்க்க ஒரு அடையாளம்: விலாவில் பட்டையாகக் கறுப்புக்கோடு போட்டது தாம்சன் மான். அதைவிடப் பெரிதாய், பின்புற வெள்ளை வாலுக்கு மேலும் ஏறியிருந்தால் அது கிராண்ட் மான்.

பள்ளத்தாக்கு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஓல் நிஜோரோவா எனப்படும் அந்த இடுக்கு அழகுதான். ஆனால் 2012லும் 2019லும் திடீர் வெள்ளம் வந்து சுற்றிப்பார்க்கப் போனவர்களை அடித்துச் சென்றது. தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே மேட்டில் பெய்த மழை அந்தக் குறுகலுக்குள் பாய்ந்து வரும். இரு பக்கமும் செங்குத்துச் சுவர், ஏறித் தப்ப வழியில்லாத இடங்கள் பல. ஜனவரி பொதுவாக வறண்ட மாதம், இருந்தாலும் அன்று காலை காவலர் நிலையத்தில் கேளுங்கள். மூடியிருக்கிறது என்றால் அதோடு விட்டுவிடுங்கள். கூடுதல் காசுக்குக் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் போக வேண்டாம். திறந்திருந்தாலும் வழிகாட்டி இல்லாமல் இறங்கக்கூடாது. மூட்டு வலிக்காரருக்கு இந்த இறக்கம் ஆகாது. பேரனையும் மேலிருந்து பார்க்கவைத்தாலே போதும் என்பது எங்கள் கருத்து. உள்ளே சுவரிலிருந்து கசியும் வெந்நீர் கையைச் சுட்டுவிடும். பேத்தியிடம் முன்பே சொல்லிவையுங்கள். செருப்பு வேண்டாம், அடிப்பாகம் வழுக்காத ஷூ போட வேண்டும்.

நைரோபியிலிருந்து, பூங்காவுக்குப் பக்கத்து ஊரான நைவாஷா ஏறக்குறைய 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். லாரி நெரிசல் கூடும் முன், காலை ஐந்தரைக்கே கிளம்புங்கள். கட்டணத்தைக் கென்ய வனவிலங்குத் துறையின் இணையவழியில் முந்தைய இரவே கட்டிவிடுங்கள். வாசலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். அங்கே நின்று கார்டோடு போராடினால் காலை நேரம் போய்விடும். மகளும் மருமகனும் அங்கு வசிப்பவர்களுக்கான அட்டையை எடுத்துவந்தால் அவர்களுக்குக் கட்டணம் குறையும். நைவாஷா வட்டாரம் கிட்டத்தட்ட குன்னூர் உயரம்: காலையில் ஸ்வெட்டர், பதினொரு மணிக்குத் தொப்பி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அதுவும் எவர்சில்வர் பாட்டிலில். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2020 முதல் அங்குள்ள பூங்காக்களில் தடை.

டிக்கெட் எடுத்த கையோடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்யுங்கள். கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர் அந்தச் சான்று இல்லாமல் வந்தால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்டு பத்து நாள் கழித்தே சான்று செல்லும். அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே போடுவார்கள், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அவற்றில் ஒன்று. 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடும்போது கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் கணவர் முதலில் தன் மருத்துவரைப் பார்த்துவிட்டு மையத்துக்குப் போகட்டும்; முட்டை ஒவ்வாமை யாருக்காவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். கென்யாவுக்குள் நுழைய இணையவழிப் பயண அனுமதியும் வேண்டும், பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.